வழுக்கைக்குத் தாய்மாமன் மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'மாமனுக்கு வழுக்கையென்றால் மருமகனுக்கும் வழுக்கைதான்' என்று முடிதிருத்தகத்தில் யாரோ சொன்னதிலிருந்து, என் மகன் கண்ணாடி முன் நின்று நெற்றியோரத்தைத் தடவியபடியே இருக்கிறான். அதில் ஓரளவு உண்மை உண்டு. வழுக்கையோடு தொடர்புடைய, ஆண் ஹார்மோன் ஏற்பிக்கான (அந்த ஹார்மோன் போய் ஒட்டிச் செயல்படும் புரதத்துக்கான) மரபணு, ஆண்களுக்குத் தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில்தான் உள்ளது. ஆனால், 2017இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரிட்டனில் 52,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் வழுக்கையின் அளவைக் காட்டும் நான்கு படங்களில் தம் தலையை ஒத்ததெனத் தேர்ந்தெடுத்ததை அவர்களுடைய மரபணு வேறுபாடுகளோடு ஒப்பிட்டு, குரோமோசோம்களில் வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டறிந்தார்கள். அவற்றுள் எக்ஸ் குரோமோசோமில் இருந்தவை 40 மட்டுமே. அவர்கள் ஆராய்ந்ததும் ஐரோப்பிய வம்சாவளியினரைத்தான். எனவே, மரபணுப் பரிசோதனையால் வழுக்கையை உறுதியாகச் சொல்லிவிடலாம் என்னும் விளம்பரங்களை நம்பி இளைஞர்கள் பணத்தை இழக்காதிருக்க, தங்கள் நாளிதழ் இதை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை, மதுரை