லீவர் மாறியது, கியர்பாக்ஸ் மாறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் ஜெர்மனிக்காரர் ஒருவர் கட்டிய மூன்று சக்கர ட்ரைக் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் 'ரேஸ் கார் கியர்பாக்ஸ் பொருத்திய வண்டி' என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்திருப்பது பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினும் அதே காரின் நாலு கியர் பெட்டியும்தான். அவர் மாற்றியது கியர் போடும் லீவரை மட்டும். கொஞ்ச காலம் ஜெர்மனியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இந்த வண்டிகளில் கை வைத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

பீட்டிலின் கியர் பெட்டிக்குள் போவது ஒரே ஒரு ராடு. அதைத் திருப்பினால் எந்த ஜோடி கியர் என்பது முடிவாகும், முன்னும் பின்னும் தள்ளினால் அந்த ஜோடியில் ஒன்று விழும். காரில் ஹெச் எழுத்து மாதிரி லீவரை ஆட்டுகிறோமே, அதற்குக் காரணம் இதுதான். அந்த ஜெர்மனிக்காரர் லீவருக்குப் பதில் மாட்டிய சீக்வென்ஷியல் ஷிஃப்டர் என்பது நாம் ஒரே கோட்டில் தட்டுவதை இந்த இரண்டு அசைவாகப் பிரித்துக் கொடுக்கும் சாமான், அவ்வளவே. ஒன்றிலிருந்து இரண்டுக்கும், மூன்றிலிருந்து நாலுக்கும் ராடு நேராகப் போய்விடும். இரண்டிலிருந்து மூன்றுக்குத்தான் பாடு: ராடு நடுவுக்கு வந்து, திரும்பி, அப்புறம் மறுபுறம் போக வேண்டும். முழுசாகத் திரும்பாமல் பாதியில் நின்றால் எந்தக் கியரும் விழாமல் சிக்கிக்கொள்ளும்.

அப்படிச் சிக்கினால் எல்லோரும் புதிதாக மாட்டிய ஷிஃப்டரைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது ராடு தாங்கி ஓடும் சின்ன நைலான் புஷ்ஷை. அது தேய்ந்திருந்தால் லீவரில் கொடுக்கும் அசைவில் பாதி வழியிலேயே போய்விடும். அடுத்தது ராடு இணைப்பில் இருக்கும் சதுரத் தலை ஸ்க்ரூ. அது கழன்றுவிடாமல் கம்பி கட்டியிருப்பார்கள், பிரித்து மாட்டுகிறவர் அந்தக் கம்பியைத் திரும்பக் கட்டாமல் விட்டால் ஓடும்போதே கியர் ராடு தனியாகிவிடும். பளபளவென்று அலுமினியத்தில் கடைந்த லீவரைப் படம் எடுத்தவர் இந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை!

கியர் மாறும் வேகத்துக்கு வருவோம். பைக்கிலும் ரேஸ் காரிலும் கியர் பக்கத்தில் இருக்கும் தடித்த பற்கள் டக்கென்று மாட்டிக்கொள்ளும். பீட்டில் பெட்டியில் சிங்க்ரோ வளையம் உண்டு, அது இரு பக்க வேகத்தையும் சமப்படுத்திய பிறகுதான் கியரை உள்ளே விடும். மேலே எந்த லீவர் வைத்தாலும் அந்த வளையத்துக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், அவசரப்படுத்தினால் கர்ரென்று சத்தம் போட்டுத் தேயும். போதாக்குறைக்கு, நாலாவது கியரில் வந்து திடீரென்று நின்றால் ஹெச் லீவரில் நேரே நியூட்ரலுக்கு வரலாம், இதில் மூன்று, இரண்டு, ஒன்று என்று படி இறங்க வேண்டும். எந்தக் கியரில் இருக்கிறோம் என்று காட்ட ஒரு டிஸ்ப்ளே இல்லாவிட்டால் ஓட்டுகிறவர் குழம்பிப்போவார்.

அப்புறம் எதற்குத்தான் இந்தச் செலவு? கைக்காக. ட்ரைக்கில் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டுதான் வளைவில் திருப்ப வேண்டும், கியர் லீவரோ கால்களுக்கு நடுவே கீழே இருக்கும். ஒரு கையை எடுத்து, ஹெச்சில் இடம் தேடி, போட்டுவிட்டுத் திரும்புவதை விட, ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை ஹேண்டிலுக்குக் கொண்டுவருவது எவ்வளவோ மேல். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ரிவர்ஸ் பற்றியும் இல்லை. பீட்டிலில் லீவரைக் கீழே அமுக்கி, இடப்பக்கம் தள்ளி, பின்னால் இழுத்தால்தான் ரிவர்ஸ் விழும், தெரியாமல் விழக் கூடாதென்று வைத்த தடை அது. சீக்வென்ஷியலில் ஒன்றுக்குக் கீழே இன்னொரு தட்டில் ரிவர்ஸ் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தனியாக ஒரு பூட்டு கட்டாயம் வேண்டும். நம்ம பஜாஜ் ஆட்டோவில் கியர் கைப்பிடியிலும் ரிவர்ஸ் தனி லீவரிலும் இருப்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு இங்கேயும் பையன்கள் பட்டறை ஏறுவார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படி வண்டியின் உருவத்தையே மாற்ற விடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விழலாம். ஜெர்மனியிலும் சும்மா விடுவதில்லை, பரிசோதகரிடம் காட்டி வண்டிப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும்.

ஆனால் மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதியோடு இங்கே வழி இருக்கிறது. இடது கால் உதவாதவருக்குப் பைக்கின் கால் கியரைக் கைக்குக் கொண்டுவரலாம், பைக் பெட்டி ஏற்கெனவே சீக்வென்ஷியல் என்பதால் ஒரு ராடும் ஒரு லீவரும் இருந்தால் வேலை முடிந்தது. அந்த வேலையைச் செய்கிற பட்டறைகளுக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கியர்பாக்ஸ் மெக்கானிக் ஒருவர்,
கோவை