மூசையில் விழும் காசுகள்: தங்கசாலைத் தொழில் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

சௌகார்பேட்டை, தங்கசாலைப் பகுதிகளின் உருக்குப் பட்டறைக்காரர்களுக்கும் அடகுக் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நாற்பது ஆண்டுகள் உங்கள் நடுவே உட்கார்ந்து துருத்தி ஊதியவன் எழுதுகிறேன். கிராமத்திலிருந்து யாராவது பழங்காசுகளைத் துணியில் முடிந்துகொண்டு வந்தால், தயவுசெய்து அவற்றை உருக்காதீர்கள்.

எனக்குப் பதினேழு வயது. திருவண்ணாமலைப் பக்கம் கிணறு வெட்டியபோது கலயத்தில் கிடைத்ததாகச் சொல்லி ஒருவர் காசுகள் கொண்டுவந்தார். மிளகைத் தட்டையாக நசுக்கியதுபோல் அத்தனை சிறிய, ‘பணம்’ என்று பெயர் கொண்ட பழைய பொற்காசுகள். ஒரு பக்கம் புள்ளிகள், மறு பக்கம் கோடுகள். முதலாளி உரைகல்லில் உரைத்தார், மாற்று, அதாவது பொன்னின் தரம், சொன்னார், எடை போட்டார். பொன் உருக்கும் கலமான மூசையில் கொட்டியது நான். அரை மணி நேரத்தில் கட்டியாகிவிட்டது. எத்தனை காசுகள் என்று எண்ணக்கூட இல்லை. அந்தக் கலயம் என்ன ஆனது என்றும் எவரும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதே மாதிரிப் பணங்களைக் கண்ணாடிக்குள் பார்த்தபோது என் கை நடுங்கியது.

தனிக் காசு ஒன்று யாருடைய ஆட்சியில் அடிக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லும். குவியல் அதைவிட நிறையச் சொல்லும். அதிலுள்ள மிகப் பிந்தைய காசுதான், அதற்கு முன்னால் புதைத்திருக்க முடியாது என்று காட்டுகிறது. எவை தேய்ந்திருக்கின்றன, எவை புதிதாக இருக்கின்றன, எந்த ஊர்க் காசுடன் எந்த ஊர்க் காசு கலந்திருக்கிறது என்பதெல்லாம் அன்றைய சந்தையின் கணக்கு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றில் பலவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு இருந்தது. ஒரே ஒரு காசு கிடைத்திருந்தால் ஏதோ விபத்து என்று விட்டிருப்பார்கள். பல காசுகளில் அதே வெட்டு இருந்ததால்தான், இங்கே இவற்றை நாணயமாக அல்ல, வெறும் பொன்னாகவே மதித்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். உளி பிடித்த நமக்கு அந்த வெட்டின் பொருள் மற்றவர்களைவிட நன்றாகவே புரியும்.

கோவை வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் ஐந்நூறுக்கும் மேல். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் பாத்திரத்தோடு தோண்டியெடுத்தவை 505 பொற்காசுகள். இந்த எண்ணிக்கை நமக்குத் தெரிவது, அவை பிரிந்து போகும் முன்பே யாரோ நின்று எண்ணியதால்தான்.

பொன்னும் வெள்ளியும் நம் பட்டறைக்கு வருகின்றன. செம்புக்கு அந்த மரியாதைகூட இல்லை. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறு பக்கம் அமர்ந்த உருவத்தோடு நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற எழுத்தும் கொண்ட செப்புக்காசுகளைப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் எடை போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொண்டுவருபவரைத் திருடன் போல நடத்தாதீர்கள். அவர் பயத்தில்தான் இவ்வளவு தூரம் வருகிறார். ஊரில் சொன்னால் போலீஸ் பிடிக்கும், எல்லாவற்றையும் பறித்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து, விசாரணையில் அது உரிமையாளர் இல்லாத பொருள் என்று முடிவானால், கண்டெடுத்தவருக்குப் பங்கு உண்டு. நிலத்துக்காரரோடு வேறு உடன்பாடு இல்லையென்றால் நான்கில் மூன்று பங்கு அவருக்கே. மறைத்தால்தான் அந்தப் பங்கும் போய், தண்டனையும் வரும்.

இதில் அரசின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஆட்சியர் காசுகளை அரசுக்காக எடுத்துக்கொண்டால், அந்தச் சட்டப்படி கொடுப்பது உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான். அரிய காசுக்குப் பழம்பொருள் சந்தையில் கிடைக்கும் விலைக்கு இது எங்கே ஈடாகும்? அந்த விதியை மாற்றாதவரை கிராமத்துக்காரர்கள் நம் வாசலுக்குத்தான் வருவார்கள். அதற்காக நாம் வாங்கலாம் என்று ஆகிவிடாது. நூறு ஆண்டுகள் கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வாங்கி விற்பது குற்றம்.

நம் தெருவுக்கே காசு அடித்த தொழிலால்தான் பெயர் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச் சாலை இருந்த இடம் இது. இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம். காசு பிறந்த தெருவில் காசு உருகி அழிவதை இனியும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த முறை முடிச்சு அவிழும்போது புளியோ அமிலமோ போட்டுத் தேய்க்காதீர்கள். பிரிக்காதீர்கள். எந்த ஊர், எந்த நிலம், எதற்குள் இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கலயத்தின் ஓடுகள் கிடந்தால் அவற்றையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பிறகு அவரை அவருடைய மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தனியாகப் போகப் பயந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். என் செலவில் உடன் போய் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
தங்கசாலை, வட சென்னை