மைதானத்தில் கணக்குப் படித்த பிள்ளைகளின் சார்பில் நன்றி

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் எல்.பி. (தொடக்கப்) பள்ளியின் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடந்த கால்பந்துப் போட்டி நல்லபடியாக முடிந்தது. கோப்பை யாருக்கு என்பது இதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். ஆனால் இந்தப் போட்டியை நடத்தியதே கணக்குச் சொல்லிக்கொடுக்கத்தான். அட்டவணை போட்டது, மைதானம் அளந்தது, நேரம் குறித்தது, புள்ளி கூட்டியது எல்லாம் பிள்ளைகளே. அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி கொத்தனார் அண்ணனுக்கு. மைதானம் 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் என்று முடிவாகியிருந்தது. நீளத்தை டேப் வைத்து அளந்துவிடலாம், மூலை நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அவர் வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து ஆணி அடித்தார். இரண்டு ஆணிக்கும் நடுவே கயிறு பிடித்து, "சரியா 5 அடி வந்தா மூலை மட்டம்" என்றார். சின்ன அளவில் பிசகு தெரியாது, பெரிதாக எடுத்தால்தான் நல்லது என்றும் சொன்னார். உடனே பிள்ளைகள் எல்லாவற்றையும் இரட்டித்து 6, 8, 10 என்று அளந்தார்கள். கடைசியில் குறுக்காக இரு மூலைகளுக்கும் கயிறு பிடித்தபோது, இரண்டு பக்கமும் 36 மீட்டரைக் கொஞ்சம் தாண்டி ஒரே அளவு வந்தது. அந்தக் கூச்சல் கோலுக்குக்கூட எழவில்லை. அண்ணனுக்கு அன்று வேலைக்கு நேரமாகிவிட்டது. அதற்கும் சேர்த்து நன்றி.

அறுவடை முடிந்த வயலை விட்டுக்கொடுத்த பெரியவருக்கும், வரப்பை வெட்டாமல் மண்ணைச் சமன்செய்து தந்த டிராக்டர் தம்பிக்கும் நன்றி. தை மாதக் காற்று நம் ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கோலப்பொடி மாதிரி தூவிய சுண்ணாம்பு நிற்கவே இல்லை. தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொன்னது எங்கள் சத்துணவு சமைக்கும் அக்காதான்.

செவன்ஸ், அதாவது ஏழு பேர் கால்பந்து, ஆடும் சேட்டன்மாருக்குத் தனி நன்றி. சீசன் நடக்கிற நேரத்தில் வலையையும் பந்தையும் கடன் கொடுப்பது சின்ன விஷயமில்லை. அதோடு நடுவராக நின்று, ஒவ்வொரு விசிலுக்கும் பிள்ளைகளிடம் "எத்தனை நிமிஷம் பாக்கி?" என்று கேட்டீர்களே, அது நான் சொல்லிக்கொடுக்காத பாடம்.

ஆறு அணிகள், ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணியோடும் ஆட வேண்டும். மொத்தம் எத்தனை ஆட்டம் என்று கேட்டேன். ஆறு அணிக்கு ஐந்தைந்து, அதனால் 30 என்றது வகுப்பு. பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "நாங்க அவங்களோட ஆடுறதும் அவங்க எங்களோட ஆடுறதும் ஒரே ஆட்டம்தானே டீச்சர்?" என்றான். 15 என்று வந்தது. ஓர் ஆட்டத்துக்கு இடைவேளை சேர்த்து 25 நிமிடம். பெருக்கினால் 375 நிமிடம், அதாவது ஆறே கால் மணி நேரம். ஒரே நாளில் முடியாது என்று பிள்ளைகளே சொல்லி, இரண்டு நாளாகப் பிரித்தார்கள்.

லீக் முடிவில் நான்காம் இடத்துக்கு இரண்டு அணிகள் 6 புள்ளியோடு நின்றன. ஒன்று 5 கோல் போட்டு 7 வாங்கியிருந்தது, மற்றது 6 போட்டு 9 வாங்கியிருந்தது. அதிக கோல் போட்டது நாங்கள்தான் என்று சண்டை. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி தரையில் கோடு கிழித்து, நடுவில் பூஜ்யம் போட்டு, போட்டதைவிட வாங்கியது எத்தனை அதிகமோ அத்தனை அடி என்று, அதிலிருந்து பின்னால் முதல் அணிக்கு இரண்டு அடி, மற்றதற்கு மூன்று அடி நடந்து காட்டினாள். "அவங்க இன்னும் பள்ளத்துல இருக்காங்க" என்றாள். புத்தகத்தில் இன்னும் வராத பாடம் அது. தோற்ற அணியும் கூட நடந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டது. நோட்டில் ஒரு கணக்கை இரண்டாம் முறை சரிபார்க்க வைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அன்று யாரும் சொல்லாமலே மூன்று முறை பார்த்தார்கள்.

மலையாளப் பிரிவு டீச்சர்மாருக்கும் நன்றி. இரு பிரிவுப் பிள்ளைகளையும் கலந்து அணி பிரித்ததும், ஸ்கோர் பலகையைத் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் எழுத வைத்ததும் அவர்கள் யோசனை. எலுமிச்சை ஜூஸ் போட்ட குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமாருக்கும் நன்றி. 36 பேருக்கு 200 மில்லி வீதம் இரண்டு டம்ளர் என்றால் 14 லிட்டர் 400 மில்லி என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களாம், அதைக் கேள்விப்பட்டுப் பிள்ளைகள் ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள். மிச்சத் துணியில் ஆறு நிறத்துக்குச் சட்டை தைத்துத் தந்த டெய்லர் அண்ணன் கூலி வாங்க மறுத்துவிட்டார். பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் (பி.டி.ஏ.) சார்பில் அவருக்கு வணக்கம்.

புள்ளிப் பட்டியல், அட்டவணை, மைதானத்து வரைபடம் எல்லாம் நான்காம் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. மார்ச் பரீட்சை வரை இருக்கும், மாலை நாலு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள், பிள்ளைகளே விளக்கிச் சொல்வார்கள். அடுத்து கோ-கோ வேண்டும் என்று இப்போதே கேட்கிறார்கள். அதற்கு 27-க்கு 16 மீட்டர் இடமும், நட்டுவைக்க இரண்டு கம்பமும் வேண்டும். யாரிடமாவது நல்ல கம்பம் இருந்தால் ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
நான்காம் வகுப்பு டீச்சர்