ஹார்ன்பி சாலையின் ரொக்கக் கடை: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். மும்பையில் பழைய ஹார்ன்பி சாலையான டி.என். சாலையில், முதலில் வைட்அவே லெய்ட்லா என்ற வெள்ளைக்காரர் கடையும் பின்னர் காதி பண்டார் என்ற கதர்க் கடையும் நடந்த கட்டடத்தைப் பற்றிக் கல்லூரிக்காக நீ எழுதிய கட்டுரை அக்கா வழியாக என் கைக்கு வந்தது. தூண்களின் இடைவெளியையும் வளைவுகளின் உயரத்தையும் அளந்து நீ போட்டிருக்கும் வரைபடங்களைக் குறை சொல்ல எனக்கு அறிவும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் கட்டுரையின் முதல் பக்கத்தில், வெள்ளைக்காரன் கடையைக் கதர் வென்ற இடம் என்று ஒரே வரியில் வரலாற்றை முடித்துவிட்டு நீ நேரே தூண்களுக்குப் போய்விட்டாய். அந்த வரியோடுதான் எனக்கு வழக்கு. மாட்டுங்காவிலும் சயனிலும் செம்பூரிலும் குடியிருந்துகொண்டு ஃபோர்ட் அலுவலகங்களில் தட்டச்சும் கணக்கும் பார்த்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் பலரும் இதே வரியைச் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பதால், உனக்கு மட்டும் எழுதாமல் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் சாலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ அளந்த தூண்களை அங்கே நிறுத்தியதில் கடைக்காரருக்கு இருந்த பங்கைவிடச் சாலைக்கு இருந்த பங்கு பெரிது. 1862 முதல் 1867 வரை கவர்னராக இருந்த பார்ட்டில் ஃப்ரேர் காலத்தில் பழைய கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. அமெரிக்க உள்நாட்டுப் போரால் லிவர்பூலுக்குப் போக வேண்டிய அமெரிக்கப் பருத்தி தடைப்பட்டு, அந்த இடத்தை இந்தியப் பருத்தி நிரப்பி, பம்பாயில் பணம் புரண்ட ஆண்டுகள் அவை. மதில் போன இடத்தில் நகரம் அகலமாக மூச்சுவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் கவர்னராக இருந்த வில்லியம் ஹார்ன்பியின் பெயரைத் தாங்கிய ஹார்ன்பி சாலை, கிராஃபோர்டு மார்க்கெட்டிலிருந்து வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ரயில் நிலையத்தைக் கடந்து ஃப்ளோரா நீரூற்று வரை நகரத்தின் முதன்மைக் கடைவீதியாக வளர்ந்தது. 1896இல் வந்த அரசு விதி, இந்தச் சாலையில் கட்டப்படும் கட்டடங்களின் தரைத்தளத்தில் பாதசாரிகளுக்கான தொடர் நடைவழி இருந்தாக வேண்டும் என்றது. கட்டடத்துக்குக் கட்டடம் பாணி மாறினாலும், ஒன்றின் வளைவுக்குள் நுழைந்தால் அடுத்ததன் வளைவு வழியாக நடந்துகொண்டே போகலாம் என்ற அமைப்பு அப்படித்தான் வந்தது.

உன் வரைபடத்தில் இந்த நடைவழி ஓர் அலங்காரமாக மட்டுமே தெரிகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பம்பாய் மழையில் நடந்தவனுக்கு அது வேறு விதமாகத் தெரியும். மழைக்கு ஒதுங்குகிறவன் கடையின் கண்ணாடிக்கு முன்னால்தான் ஒதுங்க வேண்டும். உள்ளே நுழைய வேண்டிய கட்டாயமும் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருப்பதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. பொருளை அடுக்கிக் காட்டி விற்கும் பெரிய கடைக்கு அரசாங்கமே விதி போட்டு வாடிக்கையாளரைக் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இருந்தது. (இப்போது அந்த நடைவழியில் ஒரு பங்கு நடைபாதை வியாபாரிகளிடம் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லும் கட்டுரைகளை நானும் படித்திருக்கிறேன். ஆனால் கடைக்காரர் எதற்காக அந்த வளைவுகளை விரும்பினாரோ அதே காரணத்துக்காகத்தான் அவர்களும் விரும்புகிறார்கள்.)

இனி கடைக்கு வருகிறேன். வைட்அவே லெய்ட்லா நிறுவனம் 1882இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. ராபர்ட் லெய்ட்லா என்ற ஸ்காட்லாந்துக்காரரும் எட்வர்டு வைட்அவேயும் கூட்டாளிகள். சில பத்தாண்டுகளில் பம்பாய், சென்னை, லாகூர், சிம்லா என்று இந்திய நகரங்களிலும், கொழும்பு, ரங்கூன், பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர், ஷாங்காய் என்று கடல் கடந்தும் கிளைகள் பரவின. சட்டை, தொப்பி, காலணி, திரைச்சீலை, படுக்கை விரிப்பு, மேசைக் கரண்டி, குழந்தைக்குப் பொம்மை என எல்லாம் பிரிவு பிரிவாக ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் கடைகள் அவை. வெளியூரில் இருப்பவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்து அஞ்சலில் வரவழைக்கவும் முடிந்தது.

நீ ஒரு வரிகூட எழுதாமல் விட்ட செய்தி இதற்கு அடுத்தது. என் பார்வையில் கடையின் உயிர் இதில்தான் இருந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் அந்தக் காலத்தில் கையில் காசோடு கடைக்குப் போவது அரிது. சீட்டில் கையெழுத்துப் போட்டுப் பொருளை வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியிலோ அதற்கும் பின்னாலோ கணக்கை முடிப்பார்கள்; வராக்கடனுக்கும் சேர்த்துக் கடைக்காரர் விலையை ஏற்றி வைப்பார். லெய்ட்லா கடன் கிடையாது என்றார். ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு, எழுதிய விலையே விலை. கடனாக விற்காததால் விலையைக் குறைக்க முடிந்தது. விலை குறைந்ததால் பெரிய அதிகாரிகளைவிடச் சிறு உத்தியோகத்தில் இருந்த வெள்ளையர்கள், ரயில்வே ஊழியர்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், சம்பளம் வாங்கும் இந்தியர்கள் ஆகியோர் கடைக்குள் வந்தார்கள். கடன் மறுக்கப்பட்ட எரிச்சலில் யாரோ நிறுவனத்தின் பெயரைத் திரித்து 'ரைட்அவே அண்ட் பெய்ட்ஃபார்' (உடனே, காசு கொடுத்து) என்று கேலி செய்ய, அந்தப் பட்டப்பெயர் கிழக்காசியா வரை பரவிவிட்டது. கணக்கு எழுதியே காலம் தள்ளிய எனக்கு, அந்த மனிதரின் கறார் மீது ஒரு மதிப்பு உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்த மதிப்போடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சாலை இன்று யார் பெயரைத் தாங்கியிருக்கிறது என்று யோசித்துப் பார். தாதாபாய் நவ்ரோஜி 1892இல் லண்டனின் சென்ட்ரல் ஃபின்ஸ்பரி தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் வென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனவர். இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் எப்படி இங்கிலாந்துக்கு வடிந்துபோகிறது என்பதைப் புள்ளிவிவரங்களோடு காட்டி, 1901இல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டவர். 1906 பொதுத்தேர்தலில் அவர் வடக்கு லாம்பெத் தொகுதியில் மீண்டும் நின்று தோற்றார். அதே தேர்தலில் அதே லிபரல் கட்சியின் வேட்பாளராகக் கிழக்கு ரென்ஃப்ரூஷயரில் நின்று வென்றவர்தான் நம் கடைக்காரர் ராபர்ட் லெய்ட்லா. அந்த டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸில் தலைமை வகித்த நவ்ரோஜி சுயராஜ்யம் வேண்டும் என்று அறிவித்தார். லெய்ட்லா மோசமான மனிதர் இல்லை. அபினி வணிகத்தை எதிர்த்தவர், 1909இல் ஷாங்காயில் கூடிய பன்னாட்டு அபினி ஆணையத்துக்குப் பிரிட்டன் அனுப்பிய பிரதிநிதிகளில் ஒருவர். ஆனால் லண்டனிலிருந்து வரும் சரக்கை இங்கே ரொக்கத்துக்கு விற்று லாபத்தை லண்டனுக்கு அனுப்பும் கடை, நவ்ரோஜியின் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் ஏறும் என்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் இருவருடைய பெயர்களும், ஒன்று சாலையாகவும் மற்றொன்று அந்தச் சாலையின் கட்டடமாகவும், ஒரே முகவரியில் வந்து சேர்ந்திருக்கின்றன. உன் கட்டுரை இதிலிருந்து தொடங்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இப்போது 'கதர் வென்றது' என்ற வரிக்கு வருகிறேன். 1921 ஜூலை 31 அன்று பரேலில் எல்பின்ஸ்டன் ஆலை வளாகத்தில் காந்தி அயல்நாட்டுத் துணிகளுக்குத் தீ மூட்டினார். எட்டு வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறினார். நம் ஊர்ப் பக்கம் ஈ.வெ.ரா. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றதும், திருப்பூர் கதர் உற்பத்தியின் நடுவிடமாக எழுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். பம்பாயில் போராட்டம் உச்சத்துக்குப் போனது 1930இல். ஆனால் அது எந்தத் தெருக்களில் நடந்தது என்பதைக் கவனி. பெண்கள் மறியல் செய்ததும், டிசம்பர் 12 அன்று பாபு கேனு என்ற ஆலைத் தொழிலாளி அயல்நாட்டுத் துணி ஏற்றிய லாரியின் முன் படுத்து உயிர் விட்டதும் மூல்ஜி ஜேட்டா மார்க்கெட்டைச் சுற்றிய கல்பாதேவி வட்டாரத்தில். துணியின் மொத்த வியாபாரம் அங்கேதான் இருந்தது. அதன் வியாபாரிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஹார்ன்பி சாலையின் கண்ணாடிக் கடைகளில் தொப்பியும் மேசைக் கரண்டியும் வாங்கிக்கொண்டிருந்தவர்களை மறியலால் பெரிதாக அசைத்திருக்க முடியாது. ஆட்சி போனபோது வாடிக்கையாளர்கள் கப்பல் ஏறினார்கள்; வாடிக்கையாளர் இல்லாத கடை மூடப்பட்டது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆட்சி நீடித்தது, கடையும் அங்கே மேலும் சில காலம் நீடித்தது என்பதே இதற்குச் சான்று.

இடையில் வந்தவர்களை நீ முற்றிலும் விட்டுவிட்டாய். கட்டடத்தின் முகவரி மெட்ரோபாலிட்டன் இன்ஷூரன்ஸ் ஹவுஸ் என்பது. கல்கத்தாவில் சௌரங்கியில் இருக்கும் வைட்அவே கட்டடத்துக்கும் மெட்ரோபாலிட்டன் என்றே பெயர். பாலிசிதாரர்களின் பணத்தைப் பெரிய கட்டடங்களில் போட்டுவைப்பது அன்றைய ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கம். வெள்ளைக்காரருக்கும் கதருக்கும் நடுவே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் நிற்பது உன் கதைக்கு இடைஞ்சல்தான். ஆனால் கதவில் அந்தப் பெயர் இருக்கிறது.

சென்னையில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதை என்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். மவுண்ட் ரோடில் வைட்அவே கடை இருந்த கட்டடம் பின்னாளில் விக்டரி ஹவுஸ் என்ற பெயரில் சுதேசமித்திரன் பத்திரிகையின் அலுவலகமாயிற்று. ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கியதும் லெய்ட்லா கல்கத்தாவில் கடை திறந்ததும் ஒரே 1882. இரண்டு ஊரிலும் வெள்ளைக்காரர் காலி செய்த பிறகுதான் சுதேசி குடிவந்தது. அதில் இழிவு ஒன்றும் இல்லை. நல்ல இடத்தில் நல்ல கட்டடம் காலியாகக் கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள்.

டி.என். சாலையில் கதர் விற்பனையகம் 1954இல் வந்தது. கதர் கிராமத் தொழில் ஆணையத்துக்கான சட்டம் 1956இல்தான் வந்தது என்பதால், ஆணையத்தைவிடக் கடை மூத்தது. அதை நடத்தியது மும்பை கதர் கிராமத் தொழில் சங்கம். அங்கே துணி வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடை மாறியிருந்தாலும் வியாபார முறை மாறவில்லை. மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மீட்டருக்கு மீட்டர் பேரம் பேசிப் பழகிய கை, இங்கே வந்தால் சும்மா இருக்க வேண்டும். எழுதிய விலைதான், காந்தி ஜெயந்தித் தள்ளுபடி வந்தால் அந்தத் தள்ளுபடியும் எழுதியதுதான். மர அலமாரிகளில் மடித்து அடுக்கிய துணியைத் தொட்டுப் பார்க்காமலே வாங்கலாம் என்ற நம்பிக்கையும், லெய்ட்லாவின் வாடிக்கையாளர் அந்த வாசலில் வைத்திருந்த நம்பிக்கையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வென்றவர் தோற்றவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்று கேட்டிருந்தால் உன் கட்டுரைக்கு விடை அங்கேயே கிடைத்திருக்கும்.

அந்த நம்பிக்கைக்கு வந்த அடியையும் நீ எழுதவில்லை. கையால் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்தால்தான் சட்டப்படி அது கதர். கதர் அல்லாத பொருள்கள் அங்கே கதர் என்று விற்கப்பட்டன என்று கூறி, 2022 ஜனவரியில் ஆணையம் அந்தச் சங்கத்தின் கதர்ச் சான்றிதழை ரத்து செய்தது. செய்தியைப் படித்த அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இதை மறைத்துவிட்டு வெற்றிக் கதை எழுதுவது, மழையில் ஒழுகும் வீட்டுக்கு வெளிச்சுவரில் மட்டும் சுண்ணாம்பு அடிக்கிற வேலை.

நீ மெச்சும் பாதுகாப்பு விதிகளுக்கும் இங்கே ஓர் எல்லை இருக்கிறது. 1995இல் வந்த பம்பாய் மரபுக் கட்டட விதிகள் இந்தச் சாலையைக் காத்தன. அதன் பின்னர் கட்டடக்கலைஞர் ஆபா நாராயண் லாம்பா முன்னின்று நடத்திய திட்டத்தில், வளைவுகளை மறைத்துக்கொண்டிருந்த கடைப் பலகைகள் ஒழுங்குபடுத்தப்பட்டு, அந்தத் திட்டம் 2004இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் ஒன்றைப் பெற்றது. பலகையின் அளவை விதி சொல்லும். பலகைக்குப் பின்னால் என்ன விற்கப்பட வேண்டும், யார் வாங்க வர வேண்டும் என்பதை எந்த விதியும் சொல்லாது. கட்டடம் முழுமையாக நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு கடை அதற்குள் இல்லாமல் போகலாம். இந்தக் கட்டடத்தில் வைட்அவேக்கு அது நேர்ந்தது.

கட்டுரையைத் திருத்தப் போவதாக அக்காவிடம் சொன்னாயாம். அப்படியானால் தூண்களை மறுபடி அளக்க வேண்டாம். டவுன்ஹாலில் ஏசியாடிக் சொசைட்டி நூலகத்துக்குப் போய், 1900களின் பம்பாய் நாளிதழ்களில் வந்த வைட்அவே விளம்பரங்களைத் தேடு. விலைகளைக் குறித்துக்கொள், ரொக்கம் என்ற நிபந்தனை எந்த வாசகங்களில் வருகிறது என்று பார்த்துக்கொள். பிறகு அந்தக் கடை வாசலுக்குப் போய் நின்று, கதர்ச் சட்டை அங்கே வாங்கிய வயதானவர்கள் நாலு பேரிடமாவது பேசு. ஞாயிற்றுக்கிழமை சயனுக்கு வந்தால் என்னிடமிருந்தும் ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
மாமா