ஆண்டறிக்கை: பொதுக்குழு முன் செயலாளர் வைப்பது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நம் பழைய பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள் சங்கத்தில் நடந்தவற்றை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் பன்னிரண்டில் பத்து நடந்தன. இரண்டு கோரம் (விதிப்படி வேண்டிய குறைந்தபட்ச வருகை) இல்லாமல் கலைந்தன. பிப்ரவரியில், நம் வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் அமால் கார்புரேட்டரைப் பற்றிய வகுப்பு நடந்தது, பதினான்கு பேர் வந்தார்கள். ஏப்ரல் கூட்டத்தில் நம் துணைத் தலைவர், ட்ரையம்ஃப் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தின் ஆலை இங்கிலாந்தின் காவென்ட்ரியில் 1940 குண்டுவீச்சில் அழிந்ததையும், 1942-ல் மெரிடனில் புதிய ஆலை எழுந்ததையும், அது 1983-ல் மூடப்பட்டதையும் பற்றி நன்றாகப் பேசினார். நவம்பரில் ஆண்டுப் பயணம் போனோம். பத்தொன்பது வண்டிகள் புறப்பட்டன, பதினேழு சொந்தக் காலில் திரும்பின. ஒன்று செயின் அறுந்து நின்றது. இன்னொன்றில் உறுப்பினர் புது பேட்டரியை மற்ற வண்டிகளில் மாட்டுவதுபோல நெகட்டிவை பாடியில் கொடுத்துவிட்டார், பேட்டரிக்குப் போகும் கரண்டை ஏ.சி.-யிலிருந்து டி.சி.-யாக மாற்றும் ரெக்டிஃபையர் எரிந்துபோனது. நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரி மாற்றுகிறவர்கள் தயவுசெய்து வண்டியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டி வையுங்கள்.

இனி சங்க வண்டி விஷயம். இதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மறைந்த பிறகு, அவருடைய 1966 மாடல் ட்ரையம்ஃப் டி.ஆர். 6 வண்டியை அவர் மனைவி சங்கத்துக்குக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். 649 சிசி, ஒற்றை கார்புரேட்டர், என்ஜின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றாகவே உள்ள வண்டி. கொடுக்கும்போது அந்த அம்மா வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "இதைக் காட்சிக்கு நிறுத்தி வைக்காதீங்க, ஓட்டுங்க." ஜூன் கூட்டத்தில் டயர், பிரேக் ஷூ, வயரிங், டேங்க் பெயின்ட் ஆகியவற்றை மட்டும் பார்த்து ஆண்டுப் பயணத்துக்குத் தயார் செய்வது என்று தீர்மானம் ஆனது. என்ஜின் சத்தமில்லாமல் நன்றாக ஓடுகிறது, அதைத் தொட வேண்டாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. நானும் அன்று அதற்கு எதிராகக் கை தூக்கவில்லை.

ஜூலையில் ஆயில் மாற்றுவதற்காக சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் சேரும் இடம்) பிளக்கைக் கழற்றினேன். அதில் இருக்கும் கம்பிவலையில் மினுங்கும் தூள் ஒட்டியிருந்தது. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. அப்படியென்றால் அது இரும்பு இல்லை; பிக் எண்ட் ஷெல்லின், அதாவது கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடத்து பேரிங்கின், வெள்ளை உலோகமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தக் கம்பிவலையை இன்றும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த என்ஜினைத் தெரியாத புது உறுப்பினர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். ட்ரையம்ஃப் 650-ல் ஆயிலை வடிகட்ட நல்ல ஃபில்டர் கிடையாது, கம்பிவலைகள் மட்டுமே. நுண்ணிய அழுக்கைப் பிடிப்பதற்காக, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்குக்குள்ளேயே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். கிராங்க் சுற்றும் வேகத்தில் கனமான அழுக்கு அந்தக் குழாயின் வெளிச்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான ஆயில் பிக் எண்டுக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழாய் நிறைந்துவிட்டால் ஆயில் போகும் துளையே அடைபடும். என்ஜினை இறக்கி, கிராங்கைச் சுற்றியிருக்கும் கேஸைப் பிளந்து, கிராங்கை வெளியே எடுத்தால் ஒழிய அந்தக் குழாயைச் சுத்தம் செய்ய வழியில்லை. அதனால்தான் சிலிண்டரைப் புதிதாக்கி, பிஸ்டன் மாற்றி, பாலிஷ் போட்டு விற்கப்படும் பல வண்டிகளில் இந்தக் குழாயை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். போதாததற்கு, அழுக்கைக் கரைத்துச் சுமக்கும் இன்றைய ஆயிலை ஊற்றினால் பல வருடமாகப் படிந்து கிடந்தது கிளம்பி வரவும் வாய்ப்பு உண்டு. வெளியே சத்தம் எதுவும் கேட்காது. கேட்கும் நாளில் கனெக்டிங் ராட் கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

இதை எழுத்தில் விளக்கி அவசரச் செயற்குழுவுக்கு இரண்டு முறை அறிவிப்பு அனுப்பினேன். பதினொரு பேரில் முதல் முறை நான்கு பேர், இரண்டாம் முறையும் நான்கு பேர் வந்தார்கள். விதிப்படி ஏழு பேர் வேண்டும். வந்த நால்வரும் பிரிக்கலாம் என்றார்கள். கோரம் இல்லாததால் தீர்மானம் போட முடியவில்லை, ஆனாலும் பிரிப்பது என்று முடிவு செய்தேன். தீர்மானம் இல்லாமல் என்ஜினைப் பிரித்தது விதிமீறல் என்று இரண்டு உறுப்பினர்கள் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். விதியின் எழுத்துப்படி அவர்கள் சொல்வது சரி. அந்த முடிவு என்னுடையது, வேறு யார் தலையிலும் அதைப் போட மாட்டேன். ஆனால் அந்த இருவருமே செயற்குழுவில் இருப்பவர்கள், இரண்டு அவசரக் கூட்டங்களுக்கும் வராதவர்கள் என்பதும் பதிவாக வேண்டும்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு என்ஜினை இறக்கினோம். அங்கேயே வேலை நின்றது. கிராங்கின் முனையில் இருக்கும் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தை இழுத்துக் கழற்றும் புல்லர் சங்கக் கருவிப் பெட்டியில் இல்லை. பதிவேட்டில் கையெழுத்தும் இல்லை. ஒவ்வொருவராக ஃபோன் செய்து, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. சங்க வண்டி ஏன் ஆண்டுப் பயணத்துக்கு வரவில்லை என்று கேட்டவர்களுக்கு என் பதில் இந்த ஐந்து வாரம்தான்.

புல்லர் வந்த பிறகு கேஸைப் பிளந்தோம். குழாயை மூடியிருக்கும் திருகு மூடி, தானாகக் கழன்றுவிடாமல் இருக்க ஆலையிலேயே பன்ச் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். நம் வண்டியில் அந்த அடி ஒன்றுதான் இருந்தது. அதாவது மெரிடனிலிருந்து வந்த நாள் முதல் யாரும் அதைத் திறந்ததற்கான அடையாளம் இல்லை. பன்ச் அடித்த இடத்தை மெல்ல ட்ரில் செய்து எடுத்து, சூடு காட்டி, இம்பாக்ட் டிரைவரால் அடித்து, மூன்று மாலை போராடிய பிறகுதான் மூடி அசைந்தது. குழாயைப் பிடித்திருக்கும் ஃபிளைவீல் போல்ட்டை முதலில் கழற்றிவிட வேண்டும். இதை மறந்து குழாயை இழுத்தால் குழாய் கிழியும். வீட்டில் செய்யப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்குள் இருந்தது அழுக்கு என்று சொன்னால் போதாது. காய்ந்த களிமண்போலச் சாம்பல் நிறத்தில் இறுகியிருந்தது. நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. செயின் பக்கத்து பிக் எண்டுக்குப் போகும் துளை முக்கால்வாசி மூடியிருந்தது. அந்தப் பக்கத்து ஷெல்லில் வெள்ளை உலோகம் தேய்ந்து கோடு கோடாக இருந்தது, அந்த ஷெல்லுக்குள் சுழலும் கிராங்கின் பகுதியான ஜர்னலிலும் கீறல். மறுபக்கத்து ஷெல் பரவாயில்லை. நன்றாக ஓடுகிறது என்று நாம் எல்லோரும் ஜூனில் சொன்ன என்ஜின் இதுதான்.

கிராங்கை லேத் பட்டறைக்குக் கொடுத்து 0.010 அங்குலம் குறைத்து கிரைண்ட் செய்து, அதற்கேற்ற ஷெல் போட்டோம். ஆயில் வழிகள் அத்தனையையும் மண்ணெண்ணெய் விட்டு, பிரஷ் போட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தோம். புதுக் குழாய், புது மூடி. ஃபிளைவீல் போல்ட்டுகளுக்குப் பசை தடவி 33 பவுண்டு-அடி இறுக்கம் கொடுத்தோம். டைமிங் கவரில் கிராங்கின் முனையைப் பிடிக்கும் ஆயில் சீலையும் மாற்றினோம். சின்ன சீல்தான், அது கசிந்தால் பிக் எண்டுக்குப் போகவேண்டிய அழுத்தம் அங்கேயே வீணாகும். வால்வு இடைவெளி என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் 0.002, எக்ஸாஸ்ட் 0.004 அங்குலம்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு வண்டியைக் கிளப்பினோம். அந்த அம்மாவும் வந்திருந்தார்கள். கார்புரேட்டரின் மேலுள்ள டிக்ளர் பொத்தானை அழுத்திப் பெட்ரோல் நிரப்பி, கிளட்சை விடுவித்து, மூன்றாவது உதையில் என்ஜின் பிடித்தது. எல்லோரும் சைலன்சர் பக்கம் நின்றார்கள். நான் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து திரும்பிவரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆயில் விட்டு விட்டுப் பாய்ந்து வந்தது. அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவரும் தினமும் இதைத்தான் முதல்ல பார்ப்பார்" என்றார்கள். சூடேறிய பிறகு கேஜ் மாட்டிப் பார்த்ததில் ஆயில் அழுத்தம் ஓடும் வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டு காட்டியது. 65 முதல் 80 வரை இருக்கவேண்டும் என்பது ஆலையின் கணக்கு. பிரிப்பதற்கு முன்பே இந்த அழுத்தத்தை அளந்து வைத்திருந்தால் ஒப்பிட்டுக் காட்டியிருக்கலாம். அதைச் செய்யாமல் விட்டது என் தவறு.

கருவிப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர் செட்டில் மூன்று குறைகிறது. ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் கனத்தைக் குறிப்பது, வாயின் அகலத்தை அல்ல. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மில்லிமீட்டர். அதற்கு 13 நுழையாது, 14 வழுக்கி நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். கடைகளில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்க முடியாது என்பதால்தான் சங்கம் பணம் போட்டு இந்த செட்டை வாங்கியது. போல்ட்டில் திரெட் வெட்டும் டை செட்டிலும் ஒன்று பல் உடைந்து திரும்பியிருக்கிறது. 5/16 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் திரெட் வகைக்கு ஏற்ப அங்குலத்துக்கு இத்தனை புரி என்பது மாறும்: சைக்கிள் திரெட்டில் 26, யு.என்.எஃப்.-ல் 24, பி.எஸ்.எஃப்.-ல் 22, விட்வொர்த்தில் 18. அறுபதுகளின் கடைசியில் ஆலைகள் யு.என்.எஃப்.-க்கு மாறியபோது ஒரே வண்டியில் பழைய திரெட்டும் யு.என்.எஃப்.-ம் கலந்து வந்தன. முதல் இரண்டு சுற்று கையால் லேசாக இறங்காத எதையும் முறுக்காதீர்கள். திரெட் கேஜ் பெட்டியில் இருக்கிறது, அதையாவது யாரும் எடுத்துப்போகவில்லை.

சந்தா. நாற்பத்தொரு உறுப்பினர்களில் இருபத்தாறு பேர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டியிருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு இரண்டாவது ஆண்டாக பாக்கி. பெயர்களை இங்கே படிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பாக்கி உள்ளவர்களில் ஆறு பேர் இந்த ஆண்டு கருவிப் பெட்டியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்; நான்கு பேர், நிறுத்தி வைத்திருந்த வண்டியில் டேங்க் ஆயில் எல்லாம் கீழே சம்ப்புக்கு இறங்கிவிட்டது, என்ன செய்வது என்று என்னை இரவில் அழைத்திருக்கிறார்கள். நால்வருக்கும் சம்ப்பை வடித்துவிட்டுக் கிளப்புங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். இனியும் சொல்வேன். சந்தாவையும் நினைவில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். பொதுவாகச் சொன்னால், கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. கிராங்க் வேலைக்கு நினைத்ததைவிடக் கூடுதலாக ஆனது உண்மைதான். உதிரிபாகங்களில் ஒரு பகுதிக்கு நான் கையிலிருந்து போட்டிருக்கிறேன், அதைச் சங்கத்திடம் கேட்கவில்லை. பாக்கிச் சந்தா வந்துவிட்டால் கணக்கு சமன் ஆகிவிடும்.

ஆலோசனை சொன்ன தலைவருக்கும், கணக்கைப் பொறுமையாக எழுதிய பொருளாளருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும் நன்றி. அவசரக் கூட்டங்களுக்கு வந்து, பதினேழு ஞாயிற்றுக்கிழமைகள் கை கறுக்க என்னோடு வேலை செய்த அந்த நால்வருக்கு என் தனிப்பட்ட நன்றி. அவர்கள் இல்லாமல் அந்த என்ஜினை நான் ஒருவனாகத் தூக்கிக்கூட வைத்திருக்க முடியாது.

வரும் ஆண்டு சங்க வண்டியை 500 மைல் பழக்கி ஓட்டி, ஆயில் மாற்றி, ஆண்டுப் பயணத்தில் முதல் வண்டியாக விடவேண்டும். நம் உறுப்பினர்களிடம் இதே 650 என்ஜின் வண்டிகள் ஏழு இருக்கின்றன. அவற்றில் கிராங்க் குழாய் திறக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிவது இரண்டில்தான். மற்ற ஐந்து பேரும் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்: புல்லர் இப்போது பெட்டியில் இருக்கிறது, வழியும் தெரிந்துவிட்டது, இரண்டாம் ஞாயிறுகளில் நாங்கள் ஐந்து பேர் இருப்போம். வண்டியைக் கொண்டுவந்தால் போதும். கருவிப் பெட்டிச் சாவியை வைத்துக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்து வாங்க ஒரு பொறுப்பாளர் தேவை, இளையவர் யாராவது முன்வந்தால் நல்லது. செயலாளர் பொறுப்புக்கும் வேறு யாராவது வர விரும்பினால் கோப்புகளைச் சந்தோஷமாக ஒப்படைப்பேன். பொதுக்குழு என்னையே தொடரச் சொன்னால், செயற்குழுக் கூட்டத்துக்கு ஏழு பேராவது வருவோம் என்ற உறுதியை மட்டும் கேட்பேன்.

பழைய குழாயைச் சுத்தம் செய்யாமல் அப்படியே கொண்டுவந்து பொருளாளர் மேசையில் வைத்திருக்கிறேன். கடிதம் கொடுத்த இருவரும் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தங்கள் புகாரை விவாதத்துக்குக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்