மெக்கானிக் வழக்கை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க கிராண்ட் ஜூரி பற்றிய கட்டுரையில், குற்றப்பத்திரிகையில் ஓட்டை இருந்தால் மேல்முறையீட்டில் தண்டனையே கவிழ்ந்துவிடும் என்கிற தொனியில் எழுதியிருந்தீர்கள். அது அவ்வளவு சுலபமில்லை. அங்கே குற்றப்பத்திரிகை நம்மூரில் போலீஸ் தாக்கல் செய்வது போன்றதல்ல. மத்திய நீதிமன்றங்களில் பொதுமக்கள் 16 முதல் 23 பேர் கொண்ட கிராண்ட் ஜூரி ரகசியமாகக் கூடி, 12 பேராவது ஒப்புக்கொண்டால்தான் குற்றப்பத்திரிகை வரும். உள்ளே நீதிபதியும் கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீலும் கிடையாது.

1986 பிப்ரவரியில் தீர்ப்பான மெக்கானிக் வழக்கைப் பாருங்கள். (மெக்கானிக் என்பது குற்றம்சாட்டப்பட்டவரின் பெயர், தொழில் இல்லை!) போதைப்பொருள் வழக்கு. கிராண்ட் ஜூரி அறைக்குள் ஒரு நேரத்தில் ஒரு சாட்சிதான் இருக்கலாம் என்பது விதி, ஆனால் இரண்டு அதிகாரிகளை ஒன்றாக உட்காரவைத்துச் சேர்த்தே விசாரித்திருக்கிறார்கள். இது எதிர்த்தரப்புக்குத் தெரிந்ததே நீதிமன்ற விசாரணையின் இரண்டாவது வாரத்தில், அந்த அதிகாரிகளில் ஒருவர் கிராண்ட் ஜூரி முன் அளித்த சாட்சியத்தின் நகல் கைக்கு வந்தபோதுதான். உடனே ஆட்சேபித்தார்கள். நீதிபதியோ அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார், விசாரணை ஏறக்குறைய ஐந்து மாதம் ஓடியது, நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட ஜூரி (இது கிராண்ட் ஜூரி அல்ல, வேறு) குற்றவாளி என்றது. கடைசியில் உச்ச நீதிமன்றம், சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபணமான பிறகு வழக்குத் தொடர முகாந்திரம் இருந்ததா என்று கிளறுவதற்கு ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் இதே நீதிமன்றம் ஹில்லரி என்பவருக்குக் கொலை வழக்கில் கிடைத்த தண்டனை ரத்தானதை உறுதிசெய்தது. கலிபோர்னியாவில் 1962இல் அவர்மேல் குற்றம்சாட்டிய கிராண்ட் ஜூரியில் கறுப்பினத்தவரைத் திட்டமிட்டே ஒதுக்கியிருந்தார்கள், அவரும் விசாரணைக்கு முன்பே அதை எழுப்பியிருந்தார். 1960இல் ஸ்டிரோன் வழக்கு இன்னும் வேடிக்கை. மிரட்டிப் பணம் பறித்து மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு இடையூறு செய்தார் என்பது குற்றச்சாட்டு: குற்றப்பத்திரிகையில் இருந்தது வெளிமாநிலத்திலிருந்து வந்த மணல் மட்டும், விசாரணையில் எஃகையும் உள்ளே இழுத்தார்கள். கிராண்ட் ஜூரி சொல்லாத குற்றத்துக்குத் தண்டனையா என்று ரத்து செய்துவிட்டார்கள்.

பொதுவாக, குறை இருந்தால் விசாரணைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அங்கே விதி. சரி, பூட்டிய அறைக்குள் நடந்ததை ஒருவர் முன்கூட்டி எப்படிச் சொல்வார்? என்னைக் கேட்டால், பிழை நீதிபதி தள்ளிவைத்ததில் இருக்கிறது, அதற்கான விலையைக் கொடுத்தது மெக்கானிக். கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது அந்த இரண்டாவது வாரத்தைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி