தடைக்காலத்தில் வரும் பவுடர் டப்பாக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் காசு இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் பாம்பன், மண்டபம் பக்கம் சங்கிலித் தொடர் வியாபாரக்காரர்கள் டப்பாக்களோடு வருகிறார்கள். இந்தச் சத்துப் பவுடர் சர்க்கரை நோயை அடியோடு போக்கிவிடும், ஆறு பேரைச் சேர்த்தால் மாதம் அரை லட்சம் வரும் என்கிறார்கள்.

கடலில் பாசி எடுக்கும் என் சித்தி கம்மலை அடகு வைத்து டப்பாக்களை வாங்கினார். மாத்திரையை நிறுத்திவிட்டார். பாறையில் கால் கிழிவது பாசி எடுப்பவர்களுக்கு அன்றாடம் நடப்பது. இம்முறை புண் ஆறவில்லை. ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விற்றவரும் எங்கள் சொந்தக்காரர்தான். அவரும் கடன்பட்டு நிற்கிறார்.

ஆளுக்கு ஆறு பேர் என்றால் எட்டாவது படியில் மட்டும் 16,79,616 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகையே சுமார் 13.5 லட்சம்தான்! கடைசியில் சேர்ந்தவர் யாரிடம் போய் விற்பார்?

சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் புரட்டும் பிரமிடு திட்டங்களுக்கு 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளில் தடை உண்டு. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய வேண்டும். மாவட்ட நிர்வாகமும் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே கடற்கரைக் கிராமங்களுக்கு வந்து, பெண்களை நேரில் சந்தித்து இதைச் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகி, பாம்பன்